பொறுங்கள் என்று சொன்ன அரச வழக்கறிஞர்

1812ஆம் ஆண்டில் மூவர் பிறந்தனர். மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் பிறந்தவர் லாம்டின் மில்லிகன். செப்டம்பரில் இங்கிலாந்தின் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஜார்ஜ் பிங் என்ற டொரிங்டன் பிரபு. நவம்பரில் இலங்கையின் மொறட்டுவையில் பிறந்தவர் வீர ஹென்னெதிகே பிரான்சிஸ்கோ பர்னாந்து. சரித்திரம் இவரைப் புரன் அப்பு என்று அழைக்கிறது. மில்லிகனுக்கும் மற்ற இருவருக்கும் எவ்வித அறிமுகமும் இல்லை. ஆனால், நீதிமன்றம் திறந்திருக்கும் ஊரில் படைவீரன் நீதிபதியாகலாமா என்ற ஒரே கேள்வி மூவரின் வாழ்வையும் தொட்டது. அந்தக் கேள்விக்கு இலங்கையில் களமாக அமைந்தது மாத்தளை. அங்கே அக்கேள்வியை எழுப்பியவர் கலகக்காரர் அல்லர், அரசாங்கத்தின் சொந்த வழக்கறிஞர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நீதிமன்றச் செய்திகளை நெடுங்காலம் எழுதியவன் நான். அந்தத் தொழிலில் ஒன்றைக் கற்றேன். தீர்ப்பைப் பற்றி எழுதுவது எளிது; தீர்ப்புக்கும் தண்டனைக்கும் நடுவே உள்ள நாட்களைப் பற்றி எழுதுவதே கடினம். மேன்முறையீடு, கருணை மனு, புதிய சாட்சி ஆகிய எல்லாமே அந்த இடைவெளியில்தான் மூச்சு விடுகின்றன. 1848இல் மாத்தளைக் கலகத்தையடுத்துக் கண்டியில் பறிக்கப்பட்டது அந்த இடைவெளியே.

மாத்தளையும் கோப்பியும்

கண்டியிலிருந்து வடக்கே செல்லும் பெருந்தெருவில் அமைந்த ஊர் மாத்தளை. தெருவை ஒட்டி அலுவிகாரை, இன்னும் வடக்கே நாலந்தை, அதற்கப்பால் தம்புள்ளைக் குகைக் கோயில். இந்தத் தெரு தமிழருக்கும் உரியது. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளையையும் மாத்தளையையும் தாண்டித்தான் கோப்பித் தோட்டங்களுக்கு நம் மக்கள் சென்றனர். வழியில் பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டவர்களுக்குக் கல்லறை இல்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் பக்தியில் அந்த நடைப்பயணத்தின் நினைவும் கலந்திருக்கிறது.

கோப்பி வந்த கதையில்தான் கலகத்தின் வேரும் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவை என்று கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்த கண்டிக் குடியானவனிடம் பத்திரம் ஏது? அவனுடைய சேனையும் மேய்ச்சல் தரையும் தோட்டங்களாயின. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர். பிரதம நீதியரசர் சேர் அந்தோனி ஒலிபந்துக்குக்கூட நுவரெலியாவில் ஒரு தோட்டம் இருந்தது. ஆளுவோரும் தீர்ப்பளிப்போரும் தோட்ட உடைமையாளராகவும் இருந்த நாடு அது.

1847இல் கோப்பி விலை சரிந்தது. கருவூலம் வறண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் தேசாதிபதியாக வந்திறங்கிய டொரிங்டனுக்கு வயது 34. இலங்கையை அவர் முன்பு அறிந்தவர் அல்லர். பிரித்தானியப் பிரதமர் லார்டு ஜான் ரசல் அவருடைய உறவினர். தோட்ட முதலாளிகளின் சுமையைக் குறைத்து, அந்தக் குறைவைக் குடிமக்களிடமிருந்து நிரப்ப அவரது நிருவாகம் முனைந்தது. துப்பாக்கிக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் 6 பென்சு, நாய்க்கு 1 ஷில்லிங், கடைக்கு வரி, வண்டிக்கு வரி, படகுக்கு வரி. இவற்றுக்கெல்லாம் மேலாகத் தெருக் கட்டளைச் சட்டம்: 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அல்லது 3 ஷில்லிங் கட்டுதல் வேண்டும். காட்டு விலங்குகளிடமிருந்து பயிரைக் காக்கத் துப்பாக்கியையும் நாயையும் நம்பியிருந்த மலைநாட்டானுக்கு இது எப்படிப்பட்டிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு வாரக் கலகம்

1848 ஜூலை 6 அன்று கண்டியில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வரியை எதிர்த்தனர். அதே மாதத்தில் கொழும்பு 'அப்சர்வர்' பத்திரிகையில் ஓர் ஆங்கிலேயனின் பெயரால் ஒரு கடிதம் வெளிவந்தது. அவ்வாண்டுப் பிப்ரவரியில் பாரிசு நகரம் மன்னனை விரட்டியிருந்தது. அந்த உதாரணத்தைச் சுட்டி, வாக்குரிமை இல்லாதவர்மீது வரி விதிப்பது முறையா என்று அக்கடிதம் கேட்டது. அதை எழுதியவர் அப்பத்திரிகையின் ஆசிரியரும் மருத்துவருமான கிறிஸ்தோபர் எலியட். அது சிங்களத்திலும் பெயர்க்கப்பட்டுப் பரவியது. கலகத்துக்குப் பத்திரிகையே காரணம் என்று அரசு சொல்வது அன்றே தொடங்கிவிட்டது.

ஜூலை 26 அன்று தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா என்பவர் கண்டி மன்னராக முடிசூட்டப்பட்டார். புரன் அப்பு அவரது படைத்துணையானார். 28ஆம் தேதி கூட்டம் மாத்தளைக்குள் புகுந்தது. கச்சேரியைத் தாக்கி வரி ஏடுகளை அழித்தது. கலகக்காரன் முதலில் கைவைப்பது ஏட்டில்தான் என்பதைக் கவனியுங்கள். ஏட்டில்தான் அவன் கடனாளி. அதே நாட்களில் குருணாகலிலும் கலவரம் மூண்டு, படையினரின் சூட்டில் பலர் மடிந்தனர். மாத்தளைக்கருகே வாரியப்பொலையில் கப்டன் லில்லியின் படை கூட்டத்தை எதிர்கொண்டது. கூட்டம் சிதறியது. சில நாட்களில் கலகம் ஓய்ந்தது. அரசின் தரப்பில் ஒரு படைவீரனும் இறக்கவில்லை.

கலகம் ஓய்ந்த பின்புதான் நம் கதை தொடங்குகிறது.

படைவீரர்களின் நீதி

ஜூலை 29 அன்று கண்டியிலும், 31 அன்று குருணாகலிலும் இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. அது நீக்கப்பட்டதோ அக்டோபர் 10 அன்று. சில நாட்களில் முடிந்த கலகத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இராணுவச் சட்டம். அந்த நாட்களில் இராணுவ நீதிமன்றங்கள் கூடின. சட்டம் படியாத அதிகாரிகள் நீதிபதிகளாய் அமர்ந்தனர். குற்றவாளியின் மொழி அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மொழி அவனுக்குத் தெரியாது. 18 பேர் இவ்வாறு சுட்டுக் கொல்லப்பட்டனர். புரன் அப்பு ஆகஸ்டு 8 அன்று கண்டியில் போகம்பரைக் குளக்கரையில் சுடப்பட்டார். அவருக்கு அப்போது 35 வயது.

அவ்வரிசையில் குடாப்பொல என்ற பௌத்த பிக்குவும் இருந்தார். அரச விரோதச் சத்தியம் ஒன்றைச் செய்விக்க உடந்தையாயிருந்தார் என்பது அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. வழக்கைக் கவனித்திருந்த கண்டிச் சட்டத்தரணிகள் அந்தச் சாட்சியத்தில் நம்பிக்கை கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்தில் நம் முன்னோர் பிறக்கிராசிமார் என்று சொன்னார்களே, அந்த வகுப்பைச் சேர்ந்தவர்கள் அவர்கள். பிக்கு நிரபராதி என்ற எண்ணம் அவர்களிடையே நிலவிற்று. இந்தச் செய்தி ஹென்றி கொலிங்வுட் செல்பி என்பவரின் காதுக்கு எட்டியது.

செல்பி யார்?

செல்பி அப்போது இலங்கையின் 'குவீன்ஸ் அட்வகேட்', அதாவது இராணியின் அப்புக்காத்து. இந்தப் பதவியே 1884 முதல் சட்டமா அதிபர் என்று பெயர் மாறியது. அந்நாளில் அது வெறும் வழக்காடும் பதவி அன்று. 1833இன் சீர்திருத்தத்துக்குப் பின் அமைந்த நிருவாக சபையிலும் சட்டநிரூபண சபையிலும் அவருக்கு இடமுண்டு. அரசுக்காக வழக்காடுபவரும் அவரே. அரசின் சட்டங்களுக்குக் கை உயர்த்துபவரும் அவரே. வழக்கறிஞர், அரசியலாளர் என்ற இரண்டு சட்டைகளையும் ஒருங்கே அணிந்தவர். அப்படிப்பட்டவருக்குத் தேசாதிபதியைப் பகைத்துக்கொள்வதால் ஆதாயம் ஒன்றும் இல்லை.

ஆயினும் அவர் டொரிங்டனிடம் சென்றார். பிக்குவை விடுதலை செய்யுங்கள் என்று அவர் கோரவில்லை. தீர்ப்பு தவறு என்று வாதாடவும் இல்லை. தண்டனையைச் சற்றுத் தள்ளிவையுங்கள், விசாரித்துப் பார்ப்போம் என்பதே அவரது வேண்டுகோள். தேசாதிபதி சீறினார். ஊரிலுள்ள பிறக்கிராசிமார் அனைவரும் கூடி நிரபராதி என்று சொன்னாலும் அவன் நாளைக் காலை சுடப்படுவான் என்று ஆணையிட்டுச் சொன்னார். இந்த உரையாடல் பின்னர் இலண்டனில் நாடாளுமன்ற விசாரணையின் பதிவில் ஏறி, டொரிங்டனின் பெயரோடு நீங்காமல் ஒட்டிக்கொண்டது.

1848 ஆகஸ்டு 26 அன்று, மஞ்சள் காவி உடையிலேயே பிக்கு சுடப்பட்டார். காவியைக் களையாமல் சுட்டது பௌத்த மக்களின் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று.

ஒரு நாளின் விலை

செல்பி கேட்டது கால அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தின் விலை என்ன என்பதற்கு அதே கலகத்திலேயே சான்று இருக்கிறது.

மன்னராக முடிசூடிய கொங்காலேகொட பண்டாவைப் பாருங்கள். அவர் மாத்தளைக்கருகே எல்கடுவையில் ஒரு குகையில் ஒளிந்திருந்தார். அவர் தலைக்கு 150 பவுன் விலை வைக்கப்பட்டது. செப்டம்பர் 21 அன்று மலாய்ப் படையினர் அவரைப் பிடித்தனர். அதற்குள் நாட்டின் மனநிலை மாறத் தொடங்கியிருந்தது. சில வாரங்களில் இராணுவச் சட்டமும் நீங்கியது. அவர் நின்றது உயர் நீதிமன்றத்தின் முன்னால். மரண தண்டனை விதிக்கப்பட்டது உண்மை. ஆனால் அது நிறைவேறவில்லை. 100 கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாறியது. 1849 டிசம்பரில் அவர் மலாக்காவில் இறந்தார்.

நானே மன்னன் என்றவர் தூக்கிலிருந்து தப்பினார். ஒரு சத்தியத்துக்கு உடந்தை என்று ஐயுறப்பட்ட துறவி துப்பாக்கிக்கு இரையானார். இருவர் குற்றத்துக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு இந்த வேறுபாட்டை விளக்காது. ஒருவர் ஆகஸ்டில் பிடிபட்டார், மற்றவர் செப்டம்பர் இறுதியில் பிடிபட்டார் என்பதே விளக்கும். ஒருவருக்குக் கிடைத்தது படைமுகாம். மற்றவருக்குக் கிடைத்தது நீதிமன்றம்.

இதில் இன்னும் கசப்பான உண்மை ஒன்று உண்டு. உயர் நீதிமன்றம் மூடிக்கிடக்கவில்லை. பிரதம நீதியரசர் ஒலிபந்து அவ்வாண்டில் கண்டியிலேயே அமர்ந்து கலக வழக்குகளை விசாரித்தார். ஜூரிமார் 17 பேரைக் குற்றவாளிகள் எனக் கண்டனர். ஒலிபந்து அவர்களுக்குக் கருணை காட்டப் பரிந்துரைத்தார். அவர்கள் உயிர் தப்பினர். நீதிபதியும் ஜூரியும் கண்டியில் அமர முடிந்ததென்றால், அங்கே படைவீரன் நீதிபதியாக வேண்டிய அவசியம் என்ன? டொரிங்டனின் எதிரிகள் எழுப்பிய கேள்விகளில் விடை சொல்ல முடியாத கேள்வி இதுவே.

இலண்டனில்

1849 பிப்ரவரியில் ஹென்றி பெய்லி என்ற உறுப்பினரின் முயற்சியால் பொதுச்சபை ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. ஜோசப் ஹியூம் போன்ற தீவிரவாதிகள் அதற்கு உழைத்தனர். சாட்சிகள் கடல் கடந்து சென்றனர். ஆயிரக்கணக்கான வினாக்களும் விடைகளும் அச்சேறின. முடிவு வழக்கம்போல் பாதி நீதி. டொரிங்டன் 1850இல் பதவியை விட்டு நாடு திரும்பினார். அவருடைய காலனிச் செயலாளர் எமர்சன் டெனன்ட் இலங்கைப் பணியை இழந்தார். 1851 மே மாதத்தில் அரசின்மீது கொண்டுவரப்பட்ட கண்டனத் தீர்மானம் பொதுச்சபையில் தோற்றது. பழைய வரிகள் பல கைவிடப்பட்டன. தெருக் கட்டளைச் சட்டம் மட்டும் பிக்குகளுக்கு விலக்களித்து நிலைத்தது.

செல்பியோ தொடர்ந்து அதே பதவியில் 1858 வரை இருந்தார். அவருக்குச் சிலை இல்லை. மாத்தளையில் புரன் அப்புவுக்கு நினைவிடம் உண்டு, அது முறையே. வீரனுக்குச் சிலை வைப்பது நாடுகளின் வழக்கம். பொறுங்கள் என்று சொன்னவனுக்கு எந்த நாடும் சிலை வைப்பதில்லை. தன் சொல் தோற்றபின் அவர் பதவி விலகவில்லையே என்று கேட்பவரும் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அன்று அவர் வாய் திறவாதிருந்தால், பின்னர் விசாரணைக் குழுவின் முன் வைக்க அந்தச் சொல்லாடலும் இருந்திராது. ஆட்சேபம் பதிவாவதும் ஒரு காரியமே.

மில்லிகனின் வழக்கு

இனி அமெரிக்காவுக்கு வருவோம். லாம்டின் மில்லிகன் இண்டியானா மாநிலத்தின் வழக்கறிஞர். சனநாயகக் கட்சி அரசியல்வாதி. 1864இல் ஆளுநர் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளராக முயன்று தோற்றவர். உள்நாட்டுப் போரில் லிங்கனைக் கடுமையாக எதிர்த்தார். தென்மாநிலங்களின்பால் அவருக்கு இருந்த பரிவை நாம் மெச்ச இயலாது. 1864 அக்டோபரில் படையினர் அவரைக் கைது செய்தனர். இராணுவ ஆணையம் ஒன்று அவருக்குத் தூக்கு விதித்தது. 1865 மே 19 தூக்கு நாள். அந்த நாள் தள்ளிவைக்கப்பட்டது; பின்னர் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் தூக்கை ஆயுள் தண்டனையாக மாற்றினார். அந்தக் கால அவகாசத்தில் வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் பின்னாளில் அதிபரான ஜேம்ஸ் கார்பீல்டு. அவர் வடக்கின் படையில் தளபதியாக இருந்தவர். மில்லிகனின் கொள்கைக்கு நேர் எதிரி.

1866இல் நீதிமன்றம் மில்லிகனை விடுவித்தது. குடிமை நீதிமன்றங்கள் திறந்து இயங்கும் இடத்தில், படையில் சேராத குடிமகனை இராணுவ ஆணையம் விசாரிக்க முடியாது என்று தீர்ப்பு கூறியது. தீர்ப்பை எழுதிய டேவிட் டேவிஸ், லிங்கனின் நெருங்கிய நண்பர், லிங்கனால் நியமிக்கப்பட்டவர். பின்னர் மில்லிகன் தம்மைச் சிறையிட்டவர்கள்மீது இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார். ஜூரி அவர் பக்கம் தீர்ப்பளித்து, இழப்பீடாக 5 டாலர் வழங்கிற்று. உன்னை எங்களுக்குப் பிடிக்காது, ஆனால் உனக்கு இழைக்கப்பட்டது தவறு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அதே 1812இல் பிறந்த புரன் அப்புவுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. குடாப்பொல பிக்குவுக்கும் கிடைக்கவில்லை.

இராமநாதனும் நாமும்

67 ஆண்டுகள் கழித்து இலங்கை அதே பாதையில் மீண்டும் நடந்தது. 1915 சிங்கள முஸ்லிம் கலவரத்தின்போது தேசாதிபதி சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். சுட்டுக் கொல்லப்பட்டவர்களும் சிறையிடப்பட்டவர்களும் பலர். ஜூலை 7 அன்று எட்வர்டு ஹென்றி பெத்ரிஸ் என்ற இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுடப்பட்டார். அப்போது சட்டநிரூபண சபையில் எழுந்து நின்றவர் பொன்னம்பலம் இராமநாதன். அவரும் 1892 முதல் 1906 வரை மன்றாடியார் நாயகமாக, அரசின் வழக்கறிஞராக இருந்தவர்தாம். இலண்டன் சென்று வழக்குரைத்தார். இராணுவச் சட்டக் கொடுமைகளைப் பற்றி நூல் வெளியிட்டார். திரும்பியபோது சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவருடைய வண்டியைத் தாமே இழுத்தனர். கலவரத்தில் இழப்புற்ற முஸ்லிம்கள் அவர்மீது வருத்தமுற்றனர் என்பதையும், பின்னாளில் அனைவருக்கும் வாக்குரிமை என்பதை அவர் எதிர்த்தார் என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. ஆனால் இராணுவச் சட்டத்தைப் பொறுத்தவரை, செல்பி ஓர் அறைக்குள் சொன்னதை அவர் சபையில் உரத்துச் சொன்னார்.

அதற்குப் பின் நடந்தவை நம் வாழ்நாளில் நடந்தவை. 1979இல் தற்காலிகமானது என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. நீதிமன்றங்கள் திறந்தே இருந்தன. ஆட்கள் அங்கே கொண்டுவரப்படவில்லை, அவ்வளவுதான். வடக்கில் தமிழ் இளைஞரும், 1980களின் இறுதியில் தெற்கில் சிங்கள இளைஞரும் அந்த இருட்டில் மறைந்தனர். 2012இல் மாத்தளை மருத்துவமனை வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது 150க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவை எந்தக் காலத்தவை என்பதில் நிபுணர்கள் முரண்பட்டனர். காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் அங்கே வந்து நின்றதில் முரண்பாடு ஏதும் இல்லை.

உலகெங்கும் பரவியிருக்கும் தமிழ் வாசகர்களே, உங்களில் பலர் சட்டம் பயின்றவர்கள். சிலர் வாழும் நாடுகளில் அரசின் வழக்கறிஞர்களாகவும் இருக்கிறீர்கள். அரசை எதிர்க்கும் வழக்கறிஞனின் வீரத்தை நாம் போற்றுகிறோம். அரசுக்குள் அமர்ந்து, அரசின் சம்பளம் வாங்கி, அவசரம் தலைக்கேறிய ஆளுநரிடம் ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லும் வழக்கறிஞனின் தேவையை அவ்வளவாக நினைப்பதில்லை. பெரும்பாலும் அவன் சொல் தோற்கும். ஆயினும் தண்டனைக்கு முன் அவனுக்குத்தான் கதவு திறக்கும். மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். அந்தக் கதவுக்குள் அவன் வாய் திறக்கிறானா இல்லையா என்பதில், நமக்குப் பெயரும் தெரியாத ஒருவரின் மறுநாள் காலை அடங்கியிருக்கிறது.